அழுமூஞ்சி சொன்ன நேரம்

சனிக்கிழமை சாயங்காலம் நிமியா ஒரு துண்டுக் காகிதத்தில் பாஸ்வேர்டை எழுதி நாத்தனார் கையில் கொடுத்தாளே, அந்தக் காகிதம்தான் திங்கட்கிழமை காலையில் அவளை இந்தப் பாடு படுத்தியது.

அவளும் சும்மா கொடுத்துவிடவில்லை. மூன்று வாரமாக வீட்டில் அதே பேச்சு. சான்டா லிப்ராடா கூட்டுறவுப் பால் சங்கத்தின் சர்வர் அறை நிமியாவின் பொறுப்பு. ஜனவரியில் நாத்தனார் லெத்தியை அங்கே உதவியாளாகச் சேர்த்துவிட்டதும் அவள்தான். ஆனால் பெரிய சாவியை, அதாவது எதையும் மாற்றக்கூடிய அந்த ஒரு பாஸ்வேர்டை, அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. “வேலைக்கு மட்டும் வேணும், நம்பிக்கை மட்டும் கிடையாது” என்று மாமியார் ஒப்துலியா அடுப்பைப் பார்த்தபடியே சொல்லிச் சொல்லிக் காட்டினாள். அடுப்புக்குக் காது இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மாமியாரின் தம்பி பேத்திக்கு ஞானஸ்நானம். விருந்து வீட்டிலேயே. நிமியா இல்லாமல் முடியாது. லெத்திக்கோ அன்று டியூட்டி. சரி, தொலையட்டும் என்று எழுதிக் கொடுத்தாள். மூன்று வாரம் கழித்து லெத்தி அன்றுதான் அவளை “அண்ணி” என்று வாய் நிறையக் கூப்பிட்டாள்.

இதெல்லாம் நடக்கும்போது கூட நிற்க வேண்டிய மனுஷன் டெர்லிஸ், நிமியாவின் கணவன், ஸ்பெயினில் மாலகாவில் இருந்தான். இதே சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் பால் சோதிக்கிற வேலையை விட்டுவிட்டுப் போய் இரண்டு வருஷம். போன டிசம்பரில் வருகிறேன் என்றான். வரவில்லை. வியாழக்கிழமை தவறாமல் போன் வரும். போன வியாழக்கிழமை, அங்கே மழை கொட்டுகிறது என்றான்.

கதைக்கு வருவோம்.

திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு நிமியாவின் போன் அடித்தது. சங்கத்துக் கேட்டில் காவல் நிற்கும் டோன் சிஸ்தோ. கணினி தன் பெயரை ஏற்க மாட்டேன் என்கிறது என்றார். மூன்று தடவை தட்டிப் பார்த்தாராம்.

“இருபத்திரெண்டு வருஷமா இந்தக் கேட்ல நிக்கிறேன் தாயி. இப்ப வந்து நீ யாருன்னு என்னைய கேக்குது.”

அவர் பெயரை மட்டுமில்லை. தராசுக்காரர் பெயரையும் ஏற்கவில்லை. ஆய்வுக்கூடப் பெண்கள் இரண்டு பேரையும் ஏற்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் சோதனை முடிந்து கணினியில் கையெழுத்து விழுந்தால்தான் பால் இறக்கும் வால்வு திறக்கும். போன வருஷம் நிர்வாகம் பெருமையாகக் கொண்டுவந்த ஏற்பாடு அது. கையெழுத்து இல்லை என்றால் பால் லாரியிலேயே நிற்கும். மார்ச் மாதத்துக் காஅகுவாசு வெயிலில் பால் எவ்வளவு நேரம் நிற்கும் என்று அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

நிமியா தலையைக்கூட வாரவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்தாள். பின்னால் லெத்தி ஏறிக்கொண்டாள், ஒரு கையில் சுடச்சுடச் சிபா ரொட்டிப் பொட்டலம்.

கேட்டுக்கு வெளியே ஒன்பது லாரிகள். பத்தாவது தூரத்தில் தூசி கிளப்பிக்கொண்டு வந்தது. டிரைவர்கள் நிழலில் உட்கார்ந்து தெரெரே என்னும் குளிர்ந்த மூலிகைத் தேநீர் குடித்துக்கொண்டு, வந்திறங்கிய இரண்டு பெண்களையும் வேடிக்கை பார்த்தார்கள். டாக்டரம்மா வந்தாச்சு, நர்ஸும் வந்தாச்சு என்றான் ஒருவன். நோயாளி பிழைக்குமா என்றான் இன்னொருவன்.

சிஸ்தோ குறுக்குக் கட்டையைக் கையால் தூக்கி விட்டார். அந்த அவசரத்திலும் அவருக்கு ஒரு குறை இருந்தது.

“நேத்து உங்க வீட்ல விருந்தாம். எனக்கு ஒரு துண்டு சோளமாவுச் சோப்பா கூட வரல. நாள் முழுக்க வாசம் மட்டும் வந்துச்சு.”

நிமியா சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினாள். அவர் சொன்னது அப்போது அவள் மனதில் நிற்கவில்லை. நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வர் அறை சின்னது. எந்நேரமும் குளிர். டைரக்டரி சர்வர் என்று அவர்கள் சொல்லும் அந்தக் கறுப்புப் பெட்டி நடுவில் இருந்தது. சங்கத்தின் முந்நூற்றுப் பதினோரு பேரின் பெயர், பாஸ்வேர்டு, யார் எந்தக் கதவைத் திறக்கலாம், யார் எதில் கையெழுத்துப் போடலாம், எல்லாம் அதற்குள்தான். அது தலையசைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. வில்லாரிகாவில் இருக்கும் இரண்டாவது ஆலையில் அதற்கு ஓர் இரட்டை உண்டு. இரண்டும் நாளெல்லாம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தப் பெட்டிக்குள் ஒரு காவல்காரனும் உண்டு. ஏஜென்ட் என்று பெயர். சர்வருக்குத் தலைவலி வந்தாலும் தும்மல் வந்தாலும் உடனே சுவரில் இருக்கும் கண்காணிப்புத் திரைக்கும் நிமியாவின் போனுக்கும் அலறல் அனுப்புவது அதன் வேலை. அது எதற்கெடுத்தாலும் அலறும். காலி இடம் ஏராளமாக இருக்கும்போதே இடமில்லை என்று போன வாரம் இரண்டு நாள் அலறியது. லெத்தி அதற்கு அழுமூஞ்சி என்று பெயர் வைத்திருந்தாள்.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு, விருந்தின் நடுவில் அது நிமியாவின் போனில் அழ ஆரம்பித்தது. இரட்டை பேசவில்லை என்று ஒரு தடவை. அடுத்து இன்னொரு தடவை. ஒப்துலியா கையில் கரண்டியோடு வந்து நின்றாள். ஞானஸ்நானம் வாங்கின குழந்தையே சும்மா இருக்கிறது, உன் குழந்தையை அடக்கு என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நிமியாவும் சிரித்துக்கொண்டே அழுமூஞ்சியைத் திங்கட்கிழமை காலை வரை தூங்க வைத்துவிட்டாள்.

இப்போது சுவர்த் திரையில் மேலிருந்து கீழே சிவப்பாக இருந்தது. எண்பத்தேழு அலறல்கள்.

லெத்தி சர்வரை ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பார்க்கலாமா என்றாள். கூடாது என்றாள் நிமியா. காரணம் தெரியாமல் அணைத்தால், காரணமும் கூடவே அணைந்து போகும்.

ஒன்றொன்றாகப் பார்த்தாள். பெட்டி உயிரோடுதான் இருந்தது. இடம் இருந்தது. வில்லாரிகாவுக்குப் போகும் பாதையும் திறந்தே இருந்தது. கூப்பிட்டால் இரட்டை பதில் சொன்னது, ஆனால் கைகுலுக்க மறுத்தது. இதில் ஒரு விசித்திரம் வேறு. ஆபீஸ் மாடியில் இருந்த கணினிகள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. கேட், தராசு, ஆய்வுக்கூடம், இந்த மூன்றும்தான் வெளியே நின்றன. அந்த மூன்றும் ஒரே கேபிளில் இருந்து கிளைத்தவை. கேபிள்தானா?

லெத்தி ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கேபிளை முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டு, தலையெல்லாம் ஒட்டடையோடு திரும்பி வந்தாள். கேபிளில் ஒரு குறையும் இல்லை.

ஏழு மணிக்கு இன்ஜினியர் ஒவெலார் வந்தார். சங்கத்தின் மேலாளர். நல்ல மனுஷன்தான், ஆனால் எந்த முடிவையும் கடைசி நிமிஷம் வரை கையில் வைத்துக்கொண்டிருப்பார். தலைநகர் அசுன்சியோனில் இருக்கும் ஒரு கம்பெனி, சங்கத்தின் எல்லா சர்வர்களையும் அங்கிருந்தே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தது. அதில் கையெழுத்துப் போட்டால் இந்த அறைக்கு ஆள் வேண்டாம். நிமியாவுக்கு வேலை இல்லை. பதினோரு வருஷமாகக் கட்டிக் காத்த அறை.

“அவங்க ஆளு பத்து மணிக்கு வர்றார், நிமியா. அதுக்குள்ள கேட் திறந்துச்சுன்னா நாம பேசலாம். இல்லேன்னா எனக்கு வேற வழியில்ல.”

அவர் சத்தம் போடவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

போவதற்கு முன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தன் கைக்கடிகாரத்தையும் பார்த்தார். நேற்று எங்க வீட்டம்மா பழக்கதோஷத்தில் சமையலறைக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்துவிட்டாள், பூசைக்குப் போனால் பாதிரியார் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார் என்று அலுத்துக்கொண்டார். லெத்தி சிரித்தாள். நிமியாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நாட்டில் பிறந்தவர்களுக்குக் கை தானாகவே கடிகாரத்துக்குப் போகும். வருஷத்துக்கு இரண்டு முறை, அக்டோபரில் ஒரு மணி முன்னால், மார்ச் நாலாவது ஞாயிறு ஒரு மணி பின்னால். தாத்தா காலத்துப் பழக்கம். போன அக்டோபரில்தான் அரசாங்கம், இனிமேல் மாற்றமே கிடையாது, முன்னால் வைத்தது முன்னாலேயே இருக்கட்டும் என்று சட்டம் போட்டது. நேற்றுதான் மாற்ற வேண்டாத முதல் மார்ச் ஞாயிறு. ஊரில் பாதிப் பேர் மாற்றிவிட்டுத் திரும்பவும் மாற்றினார்கள்.

நிமியாவுக்குச் சட்டென்று பொறி தட்டியது. நேரம்!

டைரக்டரி சர்வருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தன் கடிகாரத்துக்கும் கதவைத் தட்டுகிறவர் கடிகாரத்துக்கும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், அது யாரையும் நம்பாது. திருட்டு ஆசாமி என்று கதவைச் சாத்திவிடும். ஓடிப்போய் சர்வரின் திரையைப் பார்த்தாள். ஏழு பன்னிரண்டு. சுவரில், ஏழு பன்னிரண்டு. அவள் போனில், ஏழு பன்னிரண்டு.

சரியாகத்தான் இருந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நேரம் இல்லை என்று மனதில் அடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

எட்டு மணிக்கு ஒப்துலியாவின் போன். மூன்றாவது லாரியில் அவளுடைய பன்னிரண்டு மாட்டுப் பாலும் இருந்தது.

“என் பால் வெயில்ல நிக்குதாமே. மாடுங்க அதுங்க வேலைய ஒழுங்காப் பாத்துச்சுங்க, நிமியா. மத்தவங்களப் பத்தி எனக்குத் தெரியாது.”

நிமியா, சரிங்க அத்தை, பார்த்துக்கிட்டே இருக்கேன் அத்தை என்று போனை வைத்தாள். என்ன சொன்னாங்க என்று லெத்தி கேட்டாள். மாடுகளைப் பாராட்டினாங்க என்றாள் நிமியா. அந்த நெருக்கடியிலும் இருவரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துவிட்டார்கள். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு.

எட்டரை ஆனது. லாரிகள் பதினான்கு. ஒரு டிரைவர் ஹாரனை அழுத்த, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

நிமியா ஒரு முடிவுக்கு வந்தாள். இந்த எண்பத்தேழு பழைய அழுகையையும் ஓரமாகத் தள்ளுவோம். அழுமூஞ்சி இப்போது, இந்த நிமிஷம் என்ன சொல்கிறது என்று மட்டும் பார்ப்போம். பழையதையெல்லாம் மறைத்துவிட்டு, புதிதாக வருவதற்காகச் சுவர்த் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வந்தது. சிவப்பாக ஒரு வரி. இரட்டை பேசவில்லை. அனுப்பிய நேரம், ஒன்பது முப்பத்தைந்து.

நிமியா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு முப்பத்தைந்து.

“லெத்தி, இங்க வா. இத வாசி.”

லெத்தி வாசித்தாள். அழுமூஞ்சிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது, இன்னும் வராத நேரத்தில் அழுகிறது என்றாள். இல்லை என்றாள் நிமியா. இத்தனை நாள் அதைப் பொய்யழுகை என்று நினைத்தோமே, இன்றைக்கு இந்த அறையில் உண்மை பேசுவது அது ஒன்றுதான்!

விஷயம் இதுதான். சர்வருக்குள்ளே ஓடுவது உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே கடிகாரம். நாம் பார்க்கிற திரையில் அது நம் ஊருக்கான மணிகளைக் கழித்துக் காட்டும். புதுச் சட்டப்படி எப்போதும் மூன்று மணி கழிக்க வேண்டும். ஆனால் இந்தப் பெட்டிக்கு யாரும் புதுச் சட்டத்தைச் சொல்லித்தரவில்லை. மார்ச் நாலாவது ஞாயிறு வந்ததும், பழைய வழக்கப்படி நான்கு மணியைக் கழித்தது. அதனால் திரையில் ஒரு மணி பின்தங்கியிருக்க வேண்டும். இப்போது திரை சரியாகக் காட்டுகிறது என்றால், யாரோ உள்ளே ஓடும் கடிகாரத்தையே ஒரு மணி முன்னால் தள்ளியிருக்கிறார்கள். முகம் சரி. உள்ளம் ஒரு மணி தப்பு. அழுமூஞ்சி அனுப்புவது அந்த உள் கடிகாரத்தின் நேரம்; புதுச் சட்டம் தெரிந்த சுவர்த் திரை அதில் மூன்று மணி கழித்துக் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஆபீஸ் கணினிகள் இந்தப் பெட்டியிடமிருந்தே நேரம் வாங்குகிறவை. அவையும் சேர்ந்து தப்பிப் போனதால் சண்டையில்லை. கேட்டும் தராசும் ஆய்வுக்கூடமும் வெளியிலிருந்து சரியான நேரம் வாங்குகிறவை. சரியாக இருந்ததற்குத்தான் அவற்றுக்குத் தண்டனை.

யார் தள்ளியது என்று சர்வரின் பதிவைத் திறந்து பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி. பெரிய சாவி. அந்தச் சாவி உலகத்தில் இரண்டு பேரிடம்தான் இருந்தது. அதில் ஒருத்தி அந்த நேரத்தில் விருந்துக்கு மண்டியோகா கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

“நேத்து கடிகாரத்தத் தொட்டியா, லெத்தி?”

“ஆமா அண்ணி. ஒரு மணி நேரம் பின்னாடி ஓடிச்சு. ரசீதெல்லாம் தப்பு மணியோட வந்துச்சு, டிரைவருங்க கிண்டல் பண்ணாங்க. நான் சரி பண்ணி வச்சேன்.” அவள் முகத்தில் ஒரு துளி கள்ளம் இல்லை. “வருஷா வருஷம் நம்ம வீட்ல அம்மா பண்றதுதானே?”

பிறகு மெல்ல மெல்ல அவளுக்கு விளங்கியது. நேற்று வேலையில் இருந்தவர்கள் காலையிலேயே உள்ளே நுழைந்துவிட்டவர்கள்; ஒரு தடவை கிடைத்த அனுமதி பத்து மணி நேரம் செல்லும். அதனால் நேற்று ஒன்றும் தெரியவில்லை. இன்று புதிதாகக் கதவைத் தட்டியவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

எல்லாம் என்னால்தானா என்று கேட்டாள் லெத்தி. நிமியாவுக்கு ஒரு கணம் கோபம் பற்றிக்கொண்டுதான் வந்தது. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தடவை நம்பிக் கொடுத்ததற்கு! ஆனால் அழுமூஞ்சி இரண்டு மணிக்கே கத்தியதே. அப்போதே எழுந்து வந்திருந்தால் பத்து நிமிஷ வேலை. தூங்க வைத்தது யார்? புதுச் சட்டத்தை இந்தப் பெட்டிக்குச் சொல்லித்தராமல் அக்டோபரிலிருந்து தள்ளிப்போட்டது யார்?

“அப்புறமா அழலாம். இப்ப உக்காரு. நான் சொல்றத ஒவ்வொண்ணா டைப் பண்ணு.”

முதலில் சட்டம், பிறகு கடிகாரம். அந்த வரிசை முக்கியம். புது விதியைச் சர்வருக்குள் ஏற்றினார்கள். ஏற்றியதும் திரை ஒன்பது ஐம்பத்தொன்று என்று தன் பொய்யை வெளிப்படையாகக் காட்டியது. அதைப் பார்த்து நிமியாவுக்கு என்ன சந்தோஷம்! இப்போது ஒரு மணி பின்னால். லெத்தி விரலை எடுத்துவிட்டு அண்ணியைப் பார்த்தாள். நீயே அழுத்து என்றாள் நிமியா. நீதானே தள்ளினாய், நீயே இழுத்து வை.

அழுத்தினாள். எட்டு ஐம்பத்திரண்டு.

இரண்டு பேரும் மூச்சுவிடாமல் சுவர்த் திரையைப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. வெளியே ஹாரன்கள். ஒன்பது மணி. ஒன்பது ஐந்து. வில்லாரிகா இரட்டை அசையவில்லை. இதுவும் இல்லையா என்று லெத்தி கிசுகிசுத்தாள். கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் நில் என்றாள் நிமியா, தன் கையைத் தானே பிசைந்துகொண்டு.

ஒன்பது பதினொன்றுக்கு ஒரு சிவப்பு வரி பச்சையானது. இரட்டை பேசிவிட்டது. அடுத்து இன்னொன்று. பிறகு பொலபொலவென்று மேலிருந்து கீழே பச்சையாகிக்கொண்டே வந்தது. நிமியாவின் போன் அடித்தது. சிஸ்தோ.

“தாயி, என்னைய அடையாளம் தெரிஞ்சுபோச்சு அதுக்கு. ‘வணக்கம் சிஸ்தோ’ங்குது.”

லெத்தி அண்ணியைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டாள். முதல் லாரி உள்ளே உருளும் சத்தம் குளிரறைக்குள்ளும் கேட்டது. ஒப்துலியாவின் பால் பத்து மணிக்கு முன்னால் வால்வைத் தாண்டிவிட்டது. கெடவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு ஒவெலார் மறுபடி வந்தார். அசுன்சியோன் ஆள் வரவேற்பறையில் உட்கார்ந்தாகிவிட்டதாம். என்ன நடந்தது என்று கேட்டார். நிமியா சொன்னாள். முகம், உள்ளம், நான்கு மணி, மூன்று மணி எல்லாம் சொன்னாள். யார் கடிகாரத்தைத் தொட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவரும் அதைத்தான் கேட்டார். யார் தொட்டது?

“சாவி என்னோடது, இன்ஜினியர். அலாரத்த தூங்க வச்சதும் நான். புது விதிய ஏத்தறதுக்கு சர்வர நிறுத்த அனுமதி வேணும்னு மூணு தடவை எழுதிக் கேட்டேன், பால் சீசன் முடியட்டும்னீங்க. நாலாவது தடவை கேக்காததும் என் தப்புதான்.”

“நான்தான் தொட்டேன்” என்றாள் லெத்தி, பின்னாலிருந்து.

ஒவெலார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்று கடிதங்களும் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மூடிய கோவில் கதவும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். தாடையைத் தடவிக்கொண்டார்.

அந்த ஆளுக்குத் தெரெரே கொடுங்கள், ஐஸ் நிறையப் போட்டுக் கொடுங்கள் என்றார் கடைசியில். இன்றைக்குக் கையெழுத்து இல்லை. ஆனால் மத்தியானத்துக்குள் அந்தச் சுவரில் ஒரு சிவப்பு வரிகூட இருக்கக் கூடாது, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி என் மேஜைக்கு வர வேண்டும், ஒன்று பாக்கி இருந்தாலும் நாளைக்கு அவர் திரும்பி வருவார் என்றார்.

அறை இன்னும் அவளுடையதுதான்! அவர் போனதும் நிமியா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். காலையிலிருந்து அப்போதுதான் பசித்தது. லெத்தி ஆறிப்போன சிபாவைப் பிரித்து, ஒரு துண்டை அண்ணி கையில் திணித்தாள். ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் ‘கடிகாரத்தைத் தொடாதே, லெத்தி’ என்று எழுதிச் சர்வரின் நெற்றியில் தானே ஒட்டினாள். பிறகு குளிர்ந்த தண்ணீர் ஜாடியும் கொம்புக் குவளையும் கொண்டுவந்து, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தெரெரே கலக்க உட்கார்ந்தாள். இந்தப் பெண்ணைப் போய் மூன்று வாரம் சந்தேகப்பட்டோமே என்று நிமியாவுக்குக் கூச்சமாக இருந்தது.

அலறல்களை ஒன்றொன்றாக எழுதி மூடிக்கொண்டே வந்தாள். இரட்டை பேசவில்லை, காரணம் கடிகாரம். இரட்டை பேசவில்லை, காரணம் கடிகாரம். எழுதி எழுதிக் கை ஓய்ந்தது. கடைசியில் ஒரே ஒரு சிவப்பு மட்டும் மிச்சம் இருந்தது. அது மற்றவற்றைப் போல இல்லை.

வேலையை விட்டுப் போன ஒருவரின் மூடிய கணக்கு மூன்று தடவை உள்ளே நுழைய முயன்றது. இடம், ஆய்வுக்கூடக் கணினி. நேரம், ஞாயிறு மாலை ஐந்து பத்து.

பெயரைப் பார்த்ததும் சிபாவைக் கீழே வைத்தாள்.

டெர்லிஸ்.

யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். ஐந்து பத்துக்கு ஆய்வுக்கூடத்தில் யார் இருந்தார்கள்? லெத்திகூட ஐந்து மணிக்கு டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாளே. ஐந்து பத்துக்கு அவள் கேக் தின்றுகொண்டிருந்தாள். மாமியார் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஞாபகம் வந்தது. இரண்டு மணிக்கு மேல் அழுமூஞ்சி சொன்னதெல்லாம் ஒரு மணி முன்னால். காலையிலிருந்து அதைத்தானே கண்டுபிடித்தாள்.

ஒரு மணியைக் கழித்தாள். நான்கு பத்து.

நான்கு மணிக்கு டிவியில் கால்பந்தாட்டம் தொடங்கியது. ஆட்டம் தொடங்குகிற அதே நேரத்தில் ஒப்துலியா டிவிக்குக் குறுக்கே நடந்து போனாள் என்று ஆண்கள் எல்லோரும் கூச்சல் போட்டார்கள். அவள் கையில் சங்கத்துக்குக் கொண்டுபோகத் துணி போட்டு மூடிய இரண்டு தட்டு சோப்பா. ஒன்று லெத்திக்கு. இன்னொன்று யாருக்கு என்று நிமியா கேட்டபோது, கேட்டில் இருக்கிற சிஸ்தோவுக்கு, பாவம் என்றாள்.

நாள் முழுக்க வாசம் மட்டும் வந்துச்சு என்று சொன்னாரே, அந்தச் சிஸ்தோவுக்கு.

லெத்தி குவளையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். முணுமுணுப்பு இன்னும் நிற்கவில்லை. நிமியா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“லெத்தி, நேத்து அத்தை உனக்கு எத்தனை தட்டு கொண்டுவந்தாங்க?”

பாட்டு நின்றது. ஜாடியிலிருந்து தண்ணீர் மட்டும் நிற்காமல் ஓடி, குவளை நிரம்பி, மேஜையில் வழிந்து, மூடி முடித்த காரணங்கள் எழுதிய காகிதத்தை நனைத்தது. கடிகாரத்தைத் தொட்டேன் என்று கள்ளமில்லாமல் சொன்ன அதே முகம் இப்போது தரையைப் பார்த்தது.

“அண்ணன்தான் சொல்ல வேணாம்னுச்சு, அண்ணி.”